உப்புக்காற்று ஊரில் கண்ணாடிக்கு பிலிம்: வீட்டுக்கும் காருக்கும் எதை வாங்குவது, எதை விடுவது

கடைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் வீட்டிலேயே இருந்து கவனியுங்கள். எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழ ஆரம்பிக்கிறது, எப்போது விலகுகிறது, அந்த நேரத்தில் அந்த ஜன்னலை மூடி வைக்கிறீர்களா, திறந்து வைக்கிறீர்களா? இதை ஒரு தாளில் குறித்துக்கொண்டாலே வாங்கப்போகும் பிலிமின் (வெயிலைத் தடுக்கக் கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய தாள், 'கூலிங் பேப்பர்' என்பது இதுதான்) அளவு பாதியாகக் குறைந்துவிடும்.

காரணம் இதுதான். பிலிம் வேலை செய்வது மூடிய கண்ணாடியில் மட்டும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர வீடுகளில் பிற்பகல் ஆனால் கடல்காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவிடுவோம். திறந்து கிடக்கும் கதவில் எவ்வளவு விலை கொடுத்து ஒட்டிய பிலிம் இருந்தாலும் வெயில் அதைச் சட்டை செய்யாமல் உள்ளே வந்துவிடும். அந்த ஜன்னலுக்கு வேண்டியது வெளிப்பக்கம் ஒரு சாய்ப்பு, தென்னங்கீற்றுத் தட்டி, மூங்கில் பாய், இல்லாவிட்டால் பச்சை நிழல் வலை. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதற்கு ஈடாக எந்த பிலிமும் இல்லை. பிலிம் தடுப்பது கண்ணாடியில் வந்து விழுந்த பிறகு. அதில் ஒரு பங்கைக் கண்ணாடி குடித்துவிட்டு, சூடேறி, அறைக்குள்ளும் கக்கும்.

ஆகவே ஏசி போட்ட படுக்கையறை, திறக்க வழியில்லாத மாடிப்படிக் கண்ணாடி, ஜவுளிக்கடை முகப்பு, லாட்ஜ் வரவேற்பறை, கணினி வைத்திருக்கும் அலுவலக அறை ஆகியவைதான் பிலிமுக்குரிய இடங்கள். இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். மேல்மாடி அறை இரவு பத்து மணிக்கும் தகிக்கிறதென்றால் குற்றம் ஜன்னலில் இல்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளத்தில் இருக்கிறது. அங்கே பிலிமுக்குக் கொடுக்கும் காசைத் தளத்துக்கு வெள்ளை அடிக்கவோ தட்டோடு பதிக்கவோ கொடுத்தால் உருப்படியான பலன் கிடைக்கும்.

வெயில் எந்தப் பக்கம்

நம் ராமநாதபுரம் மாவட்டக் கரை ஏறக்குறைய 9 முதல் 10 பாகை வட அட்சரேகைக்குள் இருக்கிறது. இதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில், அதாவது மே, ஜூன், ஜூலையில், நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். 'வடக்கு ஜன்னலில் வெயிலே வராது' என்று வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டுச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். இங்கே கோடையில் வடக்குச் சுவரிலும் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் படும். தெற்கு ஜன்னலுக்கு வெயில் புரட்டாசி வாக்கில்தான் ஆரம்பிக்கும், பங்குனி வரை இருக்கும்.

ஆனாலும் பெரிய எதிரி மேற்குதான். உயரத்தில் நிற்கும் சூரியனை ஜன்னல் மேலுள்ள சன்ஷேடு மறைத்துவிடும். மாலை நான்கு மணி வெயில் தாழ்ந்து நேராக வருவதால் சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடுகிறது. அதற்குள் அறையும் காலையிலிருந்து சூடேறியிருக்கும். பணம் ஒரு ஜன்னலுக்குத்தான் இருக்கிறதென்றால் மேற்கு ஜன்னலுக்கு ஒட்டுங்கள். கடலைப் பார்த்த கிழக்கு ஜன்னலில் சூட்டைவிடக் கூச்சம்தான் தொல்லை: காலையில் தண்ணீரும் வெள்ளை மணலும் எறியும் வெளிச்சம். அதற்குச் சற்றே நிறமுள்ள பிலிம் போதும்.

அட்டையில் உள்ள எண்கள்

கடைக்காரர் மாதிரி அட்டையைக் கையில் கொடுப்பார். மெல்லிசான பிலிம் துண்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் நாலைந்து எண்கள். அவர் கறுப்பாக இருப்பதைக் காட்டி, "அண்ணே, இதைப் போட்டுட்டா ஏசியே வேணாம்ணே" என்பார். நீங்கள் எண்களைப் பாருங்கள்.

வி.எல்.டி. என்பது கண்ணாடி வழியாக எத்தனை சதவீத வெளிச்சம் உள்ளே வரும் என்பது. எண் குறையக் குறைய இருட்டு. 5 என்றால் கன்னங்கரேல், 70 என்றால் ஒட்டியிருப்பதே தெரியாது. இது வெளிச்சத்தின் கணக்குதான், சூட்டின் கணக்கு இல்லை.

டி.எஸ்.இ.ஆர். என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய எண். சூரியனிலிருந்து கண்ணாடியில் விழும் மொத்த ஆற்றலில் எத்தனை சதவீதம் உள்ளே வராமல் தடுக்கப்படுகிறது என்பதை அது சொல்லும். பிலிம் இல்லாத 6 மில்லிமீட்டர் வெற்றுக் கண்ணாடிக்கே ஏறக்குறைய 18 உண்டு. மலிவான கறுப்பு பிலிம் ஒட்டினால் 35, 40 வரை போகும். நல்ல செராமிக் பிலிம் 50 சதவீத வெளிச்சத்தை விட்டுக்கொண்டே 50ஐத் தொட்டுவிடும். கண்ணாடி போல மின்னும் வெள்ளி பிலிம் 75க்கு மேலும் போகும். சிலர் அட்டையில் எஸ்.எச்.ஜி.சி. என்று போட்டிருப்பார்கள், அது இதற்கு நேர் எதிர், உள்ளே வரும் பங்கைச் சொல்வது, குறைவாக இருக்க வேண்டும். 0.45 என்றால் டி.எஸ்.இ.ஆர். 55.

ஐ.ஆர்., அதாவது அகச்சிவப்புத் தடுப்பு, என்று எழுதி 95, 97, 99 என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்களே, அங்கேதான் ஏமாற வாய்ப்பு அதிகம். சூரிய ஆற்றலில் ஏறத்தாழ 53 சதவீதம் அகச்சிவப்புக் கதிர், 44 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், 3 சதவீதம் புற ஊதா. அகச்சிவப்பு மட்டுமே 780 முதல் 2500 நானோமீட்டர் வரை பரந்து கிடக்கிறது. பலர் 900 முதல் 1000 வரையுள்ள சின்னப் பட்டையை மட்டும் அளந்து, அதில் 97 சதவீதம் நிற்கிறது என்று போட்டுவிடுகிறார்கள். எண் பொய்யில்லை. ஆனால் 97 சதவீதச் சூடு நிற்கும் என்று நீங்கள் புரிந்துகொள்வது தவறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் எந்த விற்பனைப் பேச்சையும் எடைபோட்டுவிடலாம். 70 சதவீத வெளிச்சம் விடும் தெளிவான பிலிம் ஒன்று, அகச்சிவப்பையும் புற ஊதாவையும் ஒரு துளிகூட விடாமல் தடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். அது 56. வெளிச்சத்தில் 30 சதவீதத்தைத் தடுக்கிறது, அது 44இல் 13. மொத்தம் 69. இதுதான் இயற்கை விட்டுத்தரும் உச்சம். ஆகவே 'கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கும், தொண்ணூறு சதவீதம் சூடு குறையும்' என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சந்தையில் உள்ள மிக நல்ல தெளிவான பிலிம்களே 50ஐ ஒட்டித்தான் நிற்கின்றன.

சிவப்பு விளக்கு வித்தையையும் காட்டுவார்கள். பிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்லி விளக்கைப் போடுவார்கள், சூடே தெரியாது. அந்த விளக்கின் கதிரும் வெயிலும் ஒன்றில்லை. அதோடு, சூட்டைக் குடிக்கும் வகை பிலிம் முதல் பத்து விநாடியில் எதையும் காட்டாது. நாலைந்து நிமிடம் கழித்துக் கண்ணாடியைத் தொட்டால்தான் அது குடித்த சூடு தெரியும். முடிந்தால் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து உங்கள் மேற்கு ஜன்னலிலேயே தண்ணீர் தெளித்து ஒட்டி, ஒரு மாலைப்பொழுது பாருங்கள். கொடுக்க மறுக்கும் கடைக்காரர் குறைவு.

புற ஊதா, அதாவது யூ.வி., பெரும்பாலான நல்ல பிலிம்களில் 99 சதவீதம் தடுக்கப்படும். ஜவுளிக்கடைக்காரர்கள் இதை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். துணியும் மரச்சாமானும் வெளுப்பதற்கு யூ.வி. ஒரு காரணம்தான், வெளிச்சமும் சூடும் சேர்ந்தே வெளுக்கவைக்கின்றன. வெளுப்பது தள்ளிப்போகும், நிற்காது.

உப்பு தீர்மானிக்கும் வகை

மதுரைக்காரருக்கும் நமக்கும் இங்கேதான் வழி பிரிகிறது. பிலிம் என்பது அடிப்படையில் பாலியஸ்டர் தாள், ஒருபக்கம் பசை, மேலே கீறல் தாங்கும் பூச்சு. வெயிலைத் தடுப்பதற்காக உள்ளே எதைச் சேர்க்கிறார்கள் என்பதை வைத்து வகை மாறுகிறது.

சாயம் சேர்த்தது மிக மலிவு. நம் வெயிலில் சாயம் வெளுத்து ஊதா நிறமாகும், பிறகு குமிழ் விடும். பழைய வேன்களின் பின்கண்ணாடியில் கத்திரிப்பூ நிறத்தில் சுருண்டு கிடப்பது இதுதான். வாடகை வீட்டுக்கு, அதுவும் ஓரிரு வருடத்துக்கு என்றால் ஒட்டலாம்.

உலோகப் பூச்சுள்ளது சூட்டை நன்றாகத் திருப்பி அனுப்பும், விலையும் தாங்கும். உள்நாட்டில் பலரும் இதைத்தான் ஒட்டுகிறார்கள், அங்கே சரிதான். நம் கரையில் உப்பு கலந்த ஈரம் பிலிமின் வெட்டிய ஓரம் வழியாக உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு, பிறகு நரம்பு நரம்பாக உள்ளே. கடலிலிருந்து தள்ளி, பரமக்குடிப் பக்கம் இருப்பவர்கள் தைரியமாக ஒட்டலாம். தங்கச்சிமடத்திலோ ஏர்வாடியிலோ வீட்டிலிருந்து அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் இருப்பவர்கள் ஒட்டத்தான் வேண்டுமென்றால், ஓரத்தைச் சிலிகான் போட்டு அடைத்துத் தரச் சொல்ல வேண்டும். அதிலும் வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் ஆகாது. அந்த அமிலமே உலோகத்தை அரிக்கும். 'நியூட்ரல்' என்று குழாயில் எழுதியிருப்பதை வாங்கித் தாருங்கள்.

இந்த உலோக வகையிலுள்ள வெள்ளி பிலிமைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. பகலில் வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்பது உண்மை. இரவு உள்ளே விளக்குப் போட்டால் எல்லாம் தலைகீழ்: வெளியே நிற்பவருக்கு உங்கள் கூடம் திரையில் பார்ப்பதுபோல் தெரியும், உங்களுக்கு உங்கள் முகம்தான் தெரியும். திரைச்சீலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது, திருப்பி அனுப்பிய வெயில் எங்கோ போய் விழத்தான் செய்யும். குறுகிய தெருவில் எதிர்வீட்டுத் திண்ணையில் விழுந்தால் சண்டைக்கு அதுவே போதும்.

கார்பன், செராமிக் இரண்டிலும் உலோகப் படலம் கிடையாது. அரிக்காது, செல்போன் சிக்னலை மறிக்காது, நிறமும் எளிதில் மாறாது. செராமிக்தான் விலை அதிகம். கரையோரத்துக்கு என் தேர்வு செராமிக்தான்; எல்லா ஜன்னலுக்கும் மலிவு பிலிம் ஒட்டுவதைவிட இரண்டு ஜன்னலுக்கு நல்ல செராமிக் ஒட்டலாம். விலை இடிக்கிறதென்றால் கார்பன், தப்பில்லை.

3எம், லுமார் போன்ற வெளிநாட்டுப் பெயர்களோடு, இந்தியாவிலேயே தயாரிக்கும் கார்வேரும் சந்தையில் உண்டு. பெயரைவிட, அந்தக் குறிப்பிட்ட பிலிமின் டி.எஸ்.இ.ஆர். எண், வாரண்டி அட்டை, பெட்டியில் உள்ள ரோல் எண் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரே நிறுவனம் மட்டமான வகையும் விற்கும், உயர்ந்த வகையும் விற்கும்.

வாரண்டி அட்டையில் 'கடற்கரைப் பகுதிக்குப் பொருந்தாது', 'வெளிப்புறம் ஒட்டினால் பொருந்தாது' என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பணம் கொடுக்கும் முன் படிக்க வேண்டும். வெளிப்புறம் ஒட்டுவதற்கென்றே தனி பிலிம் உண்டு. அதற்கும் ஆயுள் உள்ளே ஒட்டுவதைவிடக் குறைவு. இங்கே மணலும் உப்பும் அடிப்பதால் இன்னும் குறைவு. வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் வெளியே ஒட்டுங்கள்.

உங்கள் வீட்டுக் கண்ணாடி என்ன ரகம்

பழைய மர ஜன்னல்களில் ஒருபக்கம் புள்ளியோ பூவோ போட்ட கண்ணாடி இருக்கும். சொரசொரப்பான பக்கத்தில் பிலிம் பிடிக்காது. வழவழப்பான பக்கம் உள்ளே இருந்தால் ஒட்டலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கம்பி பதித்த கண்ணாடி, ஏற்கெனவே நிறமுள்ள தடித்த கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி, இரண்டு தாளை ஒட்டிய லேமினேட் கண்ணாடி ஆகியவற்றில் சூட்டைக் குடிக்கும் கறுப்பு பிலிம் ஒட்டினால் விரிசல் விழலாம். நடுப்பகுதி சூடேறி விரியும், சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். அந்த இழுபறியில் வெட்டு ஓரத்திலுள்ள சின்னப் பொரிவிலிருந்து கோடு ஓடிவிடும். கீழக்கரைப் பக்கம் புதிதாகக் கட்டும் பெரிய வீடுகளில் முகப்பு முழுக்க நீலமோ பச்சையோ நிறக்கண்ணாடி வைக்கிறார்கள். அங்கே ஒட்டுவதற்கு முன், அந்தக் கண்ணாடிக்கு இந்த பிலிம் பொருந்தும் என்று நிறுவனத்தின் பட்டியலைக் காட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு போதாது, ஒரு பெரிய கண்ணாடி உடைந்தால் மாற்றும் செலவு பிலிம் செலவைத் தாண்டிவிடும்.

ஜன்னல் கிரில் உள்பக்கம் இருந்தால் ஒட்டுபவர் கம்பிக்கு இடையே கைவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும், குமிழ் நிச்சயம். ஸ்லைடிங் ஜன்னலென்றால் கதவைத் தூக்கிக் கழற்றி, மேசையில் படுக்கவைத்து ஒட்டச் சொல்லலாம்.

விலையைச் சதுர அடிக்குச் சொல்வார்கள். ரோலின் அகலம் வழக்கமாக 5 அடி. உங்கள் ஜன்னல் 4 அடிக்கு 4 அடி என்றால் 16 சதுர அடிதான், ஆனால் 5 அடி ரோலில் வெட்டும்போது 20 சதுர அடி போகும். எதற்குப் பில் போடுவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். மிஞ்சும் ஒரு அடிப் பட்டையைக் குளியலறைக் காற்றுப்போக்கிக்கு ஒட்டித் தரச் சொல்லலாம்.

புயலுக்கு பிலிம்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்தக் கேள்வியும் வரும். 4 மில், 8 மில் என்று தடித்த பாதுகாப்பு பிலிம் கிடைக்கிறது; 8 மில் என்றால் ஏறத்தாழ 200 மைக்ரான். அது கண்ணாடியை உடையாமல் காக்காது. உடைந்தால் சில்லு பறக்காமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதுவும் பிலிமின் ஓரத்தைச் சட்டத்தோடு சிலிகான் கொண்டு பிணைத்தால்தான். இல்லாவிட்டால் பலத்த காற்றில் உடைந்த கண்ணாடி பிலிமோடு சேர்ந்து மொத்தமாக உள்ளே விழும். குழந்தைகள் ஓடும் கூடத்தில், ஆள் மோதக்கூடிய கண்ணாடிக் கதவில் இது நல்ல முதலீடு. புயல் எச்சரிக்கை வந்த அன்று பலகை அடிப்பதற்கு இது மாற்றில்லை.

காருக்கு: முதலில் சட்டம்

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 100ஆம் விதி, முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் குறைந்தது 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. அவிஷேக் கோயங்கா தொடுத்த வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், தயாரிப்பில் கண்ணாடியே அந்த அளவில் இருக்கலாம், ஆனால் அதன்மேல் எந்த அளவு பிலிமும் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது. நாடு முழுவதும் போலீஸ் மடக்கிப் பிலிமை உரித்தது அதற்குப் பிறகுதான்.

பின்னர் 100ஆம் விதி திருத்தப்பட்டது. 2021 ஏப்ரல் 1 முதல், பாதுகாப்புக் கண்ணாடியோடு, உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட கண்ணாடி அமைப்புக்கும் விதியில் இடம் வந்தது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், வெளிச்சம் அந்த 70, 50 அளவுக்குக் கீழே போகாதபடி தரமான பிலிம் ஒட்டலாம், அதற்காக அபராதம் போடக் கூடாது என்றது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் 'இனி கூலிங் பேப்பர் ஒட்டலாம்' என்று சுற்றியது இந்தத் தீர்ப்புதான். அது கேரளத் தீர்ப்பு. தேவிபட்டினம் ரோட்டில் உங்களை மடக்கும் அதிகாரியை அது கட்டுப்படுத்தாது. அவர் 2012ஐத்தான் பேசுவார். தீர்ப்பின் நகலைக் காட்டி வாதாடலாம், வெயிலில் நின்றுகொண்டு.

ஒட்டத்தான் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிலிமின் எண்ணும் கண்ணாடியின் எண்ணும் பெருக்கப்படும். காரின் பக்கக் கண்ணாடி ஏற்கெனவே 75 சதவீதம்தான் விடுகிறதென்றால், அதன்மேல் 50 சதவீத பிலிம் ஒட்டினால் கிடைப்பது 37.5. கேரளத்திலேயே அது குற்றம். 70 சதவீத பிலிம் ஒட்டினால் 52.5, தப்பிக்கும். முன்கண்ணாடிக்கு இந்தக் கணக்கே இடம் கொடுக்காது: 75ஐ 90ஆல் பெருக்கினாலே 67.5 ஆகிவிடும்.

முன்கண்ணாடிக்கு 'யூ.வி. பாதுகாப்பு' என்று விற்க வருபவரிடம் சொல்லுங்கள்: அது லேமினேட் கண்ணாடி, நடுவிலுள்ள படலமே யூ.வி.யை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகளில் அந்தப் படலம் வழக்கமாக இருப்பதில்லை, அங்கே பேச்சில் நியாயம் உண்டு. உலோக பிலிமை முன்கண்ணாடியில் ஒட்டினால் பாஸ்டேக் படிக்காது, மதுரை ரோட்டு டோல்கேட்டில் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். பின்கண்ணாடியில் பனி போக்கும் கம்பிக்கோடுகள் இருந்தால், பிலிமை உரிக்கும் நாளில் அவையும் சேர்ந்து வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால், நம் மாவட்டத்தில் காருக்கு பிலிம் வேண்டாம் என்பேன். தனுஷ்கோடியில் மணிக்கணக்கில் வெயிலில் நிற்கும் காரை எந்த பிலிமும் குளிர்விக்காது. மூடிய பெட்டி மெதுவாகவேனும் சூடேறியே தீரும். முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி நிற மடிப்புத் தட்டி வைப்பது, வண்டியின் பின்பக்கம் மேற்கைப் பார்க்க நிறுத்துவது, கிளம்பும்போது நாலு கதவையும் திறந்து ஒரு நிமிடம் கடல்காற்றை ஓடவிட்டுப் பிறகு ஏசி போடுவது: இவை பெரிய செலவில்லாதவை, எந்தப் போலீசும் மடக்காதவை. புதுக்கார் வாங்குபவர்கள் சூடு குறைக்கும் கண்ணாடி தயாரிப்பிலேயே வருகிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். அது கண்ணாடியின் குணம், ஒட்டியது இல்லை. விதிக்கு உட்பட்டே வரும்.

பெயிண்டுக்கு ஒட்டும் பிலிம்

பி.பி.எப். என்பது வேறு சாமான். கண்ணாடிக்கு இல்லை, பெயிண்டுக்கு. சட்டத் தொல்லை இல்லை, சூட்டையும் குறைக்காது. அரிச்சல்முனை ரோட்டில் ஆனி, ஆடிக் காற்று மணலை வாரி அடிக்கும்போது பானட்டிலும் பம்பரிலும் விழும் பொடிப்புள்ளிகளை வாங்கிக்கொள்வது அதன் வேலை. டி.பி.யூ. என்ற மீள்தன்மையுள்ள பிளாஸ்டிக் வகை 150 முதல் 200 மைக்ரான் தடிப்பில் வரும், சின்னக் கீறல் வெயில் சூட்டில் தானே மறையும். பி.வி.சி. வகை மலிவு, சீக்கிரம் மஞ்சளாகும். வெள்ளைக் காருக்கு அது சாபம்.

முழு வண்டிக்கும் ஒட்டினால் பெருஞ்செலவு. பானட்டின் முன்பாதி, முன்பம்பர், பக்கக் கண்ணாடிக் கூடு, கதவு ஓரம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டினாலே நம் ஊர் மணலுக்குப் பெரும்பாலும் போதும். செராமிக் கோட்டிங் என்று சொல்வது இதற்கு மாற்றில்லை. அது மிக மெல்லிய பூச்சு, கழுவ எளிதாக்கும், மணலைத் தடுக்காது. துருவைப் பொறுத்தவரை இரண்டுமே உதவாது. உப்பு வேலை செய்வது வண்டியின் அடிவயிற்றில். கடற்கரை ஓட்டம் முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் பீச்சிக் கழுவுவது எந்த பிலிமையும்விட வண்டியைக் காக்கும்.

ஒட்டும் நாள்

காற்று மாதங்களில் ஒட்டாதீர்கள், தூசு உள்ளே மாட்டும். வடகிழக்கு மழைக்காலத்தில் ஒட்டினால் அடியிலுள்ள ஈரம் காய நாளாகும். தை, மாசி ஏற்ற காலம்.

ஒட்டுபவர் வருமுன் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, திரைச்சீலையைக் கழற்றி, தரையில் பழைய துணி விரித்துவிடுங்கள். புதுவீடென்றால் கண்ணாடியில் சிமெண்ட் தெறிப்பும் பெயிண்ட் புள்ளியும் இருக்கும். பிளேடால் சுரண்டி எடுத்த பிறகே பிலிம்.

தண்ணீர்தான் இங்கே யாரும் நினைத்துப் பார்க்காத விஷயம். பிலிமை ஒட்டுவது தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு கலந்து தெளித்துத்தான். ஒட்டுபவர் உங்கள் வீட்டுக் குழாயில் பிடிப்பார். நம் பகுதியில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்த உப்பு பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எப்படித் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் புள்ளியாக. முந்தின நாளே ஒரு சோதனை செய்யுங்கள்: தண்ணீரில் நாலு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் காயவிடுங்கள். வெள்ளைத் தடம் தெரிந்தால் அந்தத் தண்ணீர் ஆகாது. ஒரு கேன் தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள், மொத்தச் செலவில் அது ஒன்றுமே இல்லை.

வேலை நடக்கும்போது மூன்றைப் பாருங்கள். கண்ணாடியை இரண்டு தடவையாவது கழுவி ரப்பர் பட்டையால் இழுக்கிறாரா? பின்தாளை உரித்ததும் பசைப்பக்கமும் நனைகிறதா? ஓரத்தில் சட்டத்தை ஒட்டி ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறாரா? கடைசியது குறை போலத் தெரியும், சண்டைக்குப் போகாதீர்கள். சட்டத்தில் இடித்தால் ஓரம் மடங்கி உரியும்.

ஒட்டிய பிறகு

முதல் சில வாரம் பிலிம் மங்கலாகவும் சின்னத் தண்ணீர்க் குமிழோடும் தெரியும். அது காயும்வரை இயல்பு. ஊசியால் குத்தாதீர்கள். உள்ளே கடினமாகப் புள்ளி தெரிந்தால் அது தூசு. ஓரம் தூக்கினால், மடிப்பு விழுந்தால், குமிழில் காற்று நின்றால் ஒட்டியவரைக் கூப்பிட வேண்டியதுதான். கார்க் கண்ணாடியென்றால் மூன்று, நான்கு நாள் இறக்கக்கூடாது.

ஒரு மாதம் வரை துடைக்கவே வேண்டாம். பிறகு அமோனியா கலந்த கண்ணாடித் திரவம், நார், செய்தித்தாள் மூன்றையும் தள்ளி வையுங்கள். ஷாம்பு கலந்த தண்ணீரும் மெத்தென்ற துணியும் போதும். கடலோர வீட்டில் கண்ணாடிமேல் உப்புப் பொடி படிந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அந்தப் பொடியே உரசித் தேய்க்கும். முதலில் தண்ணீர் தெளித்து உப்பைக் கரைத்து வடியவிடுங்கள், அதன்பின் துடையுங்கள்.

பழைய பிலிமை எடுக்க வேண்டி வந்தால் உலர்ந்தபடி பிய்க்காதீர்கள், பசை கண்ணாடியிலேயே நின்றுவிடும். சோப்புத் தண்ணீர் தெளித்து, கறுப்புப் பாலிதீன் தாளை மேலே ஒட்டவைத்து, வெயில் விழும் நேரத்தில் ஒரு மணி நேரம் விடுங்கள். மேற்கு ஜன்னலென்றால் பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பியுங்கள். பசை இளகியதும் ஒரு மூலையைப் பிளேடால் கிளப்பி மெதுவாக இழுத்தால் முழுத்தாளாக வந்துவிடும்.